அலுவலக வேலைக்கு இலவசப் படங்கள்: எங்கே தேடுவது, எதைப் பார்த்து எடுப்பது

பிரசன்டேஷனோ செய்திமடலோ, படம் வேண்டுமென்றால் கூகுளில் முதலில் வருவதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதை எடுத்தவர் ஒருநாள் உரிமை கேட்டு வந்தால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் நிறுவனம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

1. முதலில் பெக்செல்ஸ், அன்ஸ்பிளாஷ், பிக்சபே. மூன்றிலும் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு, படமெடுத்தவர் பெயரைப் போடுவது கட்டாயமில்லை. நான் பெக்செல்ஸ் பக்கம். அன்ஸ்பிளாஷ் படங்கள் அழகுதான், ஆனால் நடுநடுவே அன்ஸ்பிளாஷ் பிளஸ் என்ற கட்டணப் படங்கள் கலந்து வரும், பார்த்து ஒதுக்குங்கள்.

2. பழைய ஓவியம், வரலாற்றுப் பொருள் என்றால் அருங்காட்சியகங்கள். நியூயார்க்கின் மெட் 2017இலும் ஸ்மித்சோனியன் 2020இலும் லட்சக்கணக்கான படங்களை சிசி ஜீரோவில் திறந்துவிட்டன. 'சிசி' என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ், படைப்பைப் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் பொது உரிமங்கள்; சிசி ஜீரோவில் எந்த நிபந்தனையும் இல்லை. இவ்வளவு இருந்தும் பலர் இந்தப் பக்கம் போவதே இல்லை.

3. இதிலும் கிடைக்காவிட்டால் விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ், சிசி படங்களைத் தேடித் தரும் ஓபன்வெர்ஸ். நின்று நிதானிக்க வேண்டிய படி இதுதான், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேறு. 'சிசி பை' என்றால் எடுத்தவர் பெயரைப் போட வேண்டும். கூடவே 'எஸ்ஏ' இருந்தால், படத்தை மாற்றி நீங்கள் உருவாக்கியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட முடியும். 'என்சி' இருந்தால் வணிக நோக்கத்துக்குக் கூடாது, 'என்டி' இருந்தால் மாற்றியதை வெளியிடக் கூடாது. அலுவலக வேலைக்கு இந்த இரண்டையும் நான் தொடுவதே இல்லை. விக்கிமீடியா காமன்ஸில் இந்த இரண்டு வகையையும் சேர்க்கவே விடமாட்டார்கள் என்பதால் அங்கே நிம்மதி. ஓபன்வெர்ஸில் வணிகப் பயன்பாட்டுக்கான வடிகட்டியைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனாலும் மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

பெயர் போடுவது எப்படி என்று பலர் கேட்டார்கள். ஒரே வரி போதும்:

படம்: 'தலைப்பு', எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0 (வெட்டப்பட்டது)

தலைப்பில் மூலப் பக்கத்துக்கும், உரிமத்தின் பெயரில் உரிமப் பக்கத்துக்கும் இணைப்பு கொடுங்கள். அடைப்புக்குள் இருப்பது நீங்கள் செய்த மாற்றம், எதுவும் செய்யவில்லையென்றால் அது வேண்டாம்.

4. கூகுளை விட முடியாதென்றால் படங்கள் பகுதியில் கருவிகள், பயன்பாட்டு உரிமைகள், கிரியேட்டிவ் காமன்ஸ் என்று தேர்ந்தெடுங்கள். அந்தந்த வலைப்பக்கம் தரும் தகவலைத்தான் கூகுள் காட்டுகிறது, அதனால் இங்கேயும் மூலப் பக்கத்தைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

5. ஆதாரத்தைச் சேமியுங்கள். படம், பக்கத்தின் முகவரி, உரிமம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட், தேதி, எல்லாம் ஒரே ஃபோல்டரில். விதிகள் மாறும்: அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சபே 2019இலும் சிசி ஜீரோவை விட்டுவிட்டுச் சொந்த உரிமத்துக்கு மாறின. ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படத்தைப் போட்டவரே உரிமத்தை மாற்றி வைக்கலாம். ஒருமுறை கொடுத்த சிசி உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது, சரி, ஆனால் கொடுத்தார் என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டுமே?

அப்புறம், முகங்கள். மேலே சொன்ன உரிமமெல்லாம் படமெடுத்தவரின் உரிமைக்கு மட்டும்தான், படத்தில் இருப்பவரின் சம்மதம் தனி. விளம்பரத்துக்கு என்றால் முகம் தெரியாத படமாகவே தேடுங்கள், மேசைமேல் கைகள், திரும்பி நிற்பவர் என்று நிறையவே கிடைக்கும்.