உங்கள் தெருச் சாலையின் எம்-புக்கை நேரில் பார்ப்பது எப்படி? (ஆர்.டி.ஐ. செய்முறை)

புதுச் சாலை போட்டார்கள், வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டு நகரங்களில் இந்தப் புலம்பல் கேட்காத தெரு குறைவு. பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021 மே மாதமே உத்தரவிட்டுவிட்டார். இருந்தும் எங்கள் தெருவில் பழைய தாருக்கு மேலேயே புதுத் தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்கே வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்தது.

கேட்டதற்குக் கிடைத்த பதில்: "எல்லாம் எஸ்டிமேட்படிதான் நடந்திருக்கு சார்." அப்படியானால் அந்த எஸ்டிமேட்டைப் பார்த்துவிடுவோம் என்றுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தேன். மதிப்பீட்டையும் (எஸ்டிமேட்), செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தையும் (எம்-புக்) நேரில் பார்க்கவும் முடிந்தது. அதை எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். சாலைக்கு மட்டுமல்ல, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா என உள்ளாட்சி செய்யும் எந்த வேலைக்கும் இதே வழிதான்.

படி 1: சாலை யாருடையது, வேலைக்கு என்ன பெயர்?

உங்கள் தெரு மாநகராட்சியுடையதா, நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உட்தெருக்கள் பெரும்பாலும் உள்ளாட்சிக்குச் சொந்தம். பேருந்து ஓடும் பெரிய சாலை என்றால் விசாரித்துவிடுவது நல்லது.

அப்புறம் வேலையின் பெயர். அலுவலகக் கோப்பில் உங்கள் தெருவின் பெயரில் தனிக் கோப்பு இருக்காது. பத்துப் பன்னிரண்டு தெருக்களைச் சேர்த்து ஒரே பணியாக டெண்டர் விட்டிருப்பார்கள். தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் வார்டு எண்ணையோ பக்கத்துத் தெருக்களின் பெயரையோ போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் பணியின் முழுப் பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வழி இருக்கிறது.

படி 2: மனு எழுதுவது

பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். அதனால் இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கோபத்தில் இருப்பவருக்கு இயல்பாக வரும் கேள்வி "ஏன் சாலையை உயர்த்தினீர்கள்?", "இதற்கு யார் பொறுப்பு?" என்பதுதான். இப்படிக் கேட்டால், "கேள்வி வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதுதான் 'தகவல்'. புதிதாக விளக்கமோ கருத்தோ எழுதித் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. வழக்கிலேயே சொல்லிவிட்டது.

ஆகவே காரணத்தைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள். "ஏன் சுரண்டவில்லை?" என்ற கேள்விக்கான விடை மதிப்பீட்டிலும் அளவுப் புத்தகத்திலும் இருக்கிறது. மில்லிங் (பழைய சாலையைச் சுரண்டி எடுப்பது) என்று ஒரு வரி மதிப்பீட்டில் இருந்து, அதற்குப் பணமும் கொடுக்கப்பட்டிருந்தால், உங்கள் கேள்விக்கு வேறு பதிலே தேவைப்படாது.

இன்னொன்று, நகல் மட்டும் கேட்பதைவிட நேரில் பார்வையிடக் கேட்பது பல மடங்கு மேல். சட்டத்தின் பிரிவு 2(ஜே), ஆவணங்களைப் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் சான்றிட்ட நகல் பெறவும் உரிமை தருகிறது. நகல் கேட்டால் அவர்கள் தேர்ந்தெடுத்த பக்கங்கள் வரும். நேரில் போனால் கோப்பு முழுவதும் உங்கள் முன்னால் இருக்கும். பணியின் பெயர் தெரியாத சிக்கலும் இதில் தீர்ந்துவிடும். நான் எழுதும் வாசகம் இது:

"____ வார்டு, ____ தெருவை உள்ளடக்கி 01.04.2023 முதல் இந்நாள்வரை மேற்கொள்ளப்பட்ட சாலைப் பணிகள் தொடர்பான கீழ்க்கண்ட ஆவணங்களை நேரில் பார்வையிடவும், நான் குறித்துத் தரும் பக்கங்களின் சான்றிட்ட நகல்களைப் பெறவும் அனுமதி வேண்டுகிறேன்: மதிப்பீடு, ஒப்பந்தம் மற்றும் பணி ஆணை, அளவுப் புத்தகம், தரப் பரிசோதனை அறிக்கைகள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கப்பட்ட பட்டியல்கள் (பில்கள்), குறைபாடு பொறுப்புக் காலம் குறிப்பிடப்பட்ட ஆவணம். இவை வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)-இன்படி 5 நாட்களுக்குள் மாற்றி அனுப்பவும்."

தேதியை உங்களுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவே தேவையில்லை, பிரிவு 6(2) அதைத் தெளிவாகவே சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காரணம் சொல்ல வேண்டும் என்றது. சில நாட்களிலேயே நீதிபதிகள் தாங்களாகவே அந்தப் பகுதியை நீக்கிவிட்டார்கள். இன்றும் யாராவது அந்தத் தீர்ப்பைக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

*பின்சேர்க்கை:* குடியிருப்போர் நலச் சங்கத்தின் லெட்டர்பேடில் மனுப் போட்டு, திருப்பி அனுப்பப்பட்டதாக வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். இந்தச் சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு. சங்கத் தலைவராக இருந்தாலும் உங்கள் சொந்தப் பெயரில், உங்கள் கையெழுத்தில் போடுங்கள்.

படி 3: கட்டணமும் தபாலும்

விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். என் தேர்வு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். மனுவின் தலைப்பிலேயே ஒட்டிவிடலாம். டி.டி. எடுக்க வங்கி வாங்கும் கமிஷன் 10 ரூபாய்க்கு மேல் போய்விடும். ரெவின்யூ ஸ்டாம்ப் வேறு, தபால்தலை வேறு; அவற்றை ஒட்டினால் கட்டணம் கட்டியதாக ஆகாது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை.

"பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவிப் பெயரில் அனுப்புங்கள், ஆள் பெயர் வேண்டாம். ஆன்லைனிலும் வசதி வந்திருக்கிறது. ஆனால் உள்ளாட்சி அலுவலகங்களைப் பொறுத்தவரை நான் தபாலைத்தான் நம்புகிறேன். கையெழுத்தோடு திரும்பி வரும் ஒப்புகையை மேல்முறையீட்டில் யாரும் மறுக்க முடியாது.

*பின்சேர்க்கை:* இந்தப் பதிவின் பழைய வடிவத்தில் பதிவுத் தபால் என்று எழுதியிருந்தேன். 2025-இல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் பதிவு வசதியும், சேர்த்ததற்கான ஒப்புகையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் வெறும் ஸ்பீடு போஸ்ட்டாகவே போய்விடும்.

படி 4: 30 நாள்

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் மறுத்ததாகவே பொருள். அதற்கு மேல் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6).

கூடுதல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே கட்டிவிடுங்கள். கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் அந்த 30 நாளில் சேராது.

பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. அவர் 30 நாட்களில், காரணம் எழுதினால் அதிகபட்சம் 45 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்குத் தண்டம் விதிக்கலாம்.

ஒப்பந்ததாரரின் வணிக ரகசியம் என்று சொல்லி மறுப்பதுண்டு. மக்கள் பணத்தில் முடிந்துபோன வேலையின் அளவில் ரகசியம் என்ன இருக்கிறது? பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்னும் பிரிவு 8(2)-ஐயும், மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைத் தரச் சொல்லும் பிரிவு 10-ஐயும் மேல்முறையீட்டில் குறிப்பிடுங்கள்.

படி 5: எம்-புக்கைத் திறக்கும் நாள்

போவதற்கு முன் தெருவை அளந்துவிடுங்கள். 30 மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று, பிடிக்க இன்னோர் ஆள், அவ்வளவுதான். செல்போன் ஆப்பில் அளக்காதீர்கள், நம்ப முடியாது. அகலத்தைக் குறைந்தது நான்கைந்து இடங்களில் அளங்கள், தெரு எங்கும் ஒரே அகலமாக இருக்காது.

முதல் ஒரு மணி நேரத்துக்குப் பார்வையிடக் கட்டணம் இல்லை. தனியாகப் போகாமல் அக்கம்பக்கத்திலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எம்-புக் பார்க்க மிரட்சியாக இருக்கும், படிப்பது சுலபம். வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், கனம் (தடிமன்), மொத்த அளவு என்று வரிசையாக இருக்கும். பொறியாளர் அளந்து எழுதுகிற இந்த எண்களை வைத்துத்தான் பில் பாஸாகிறது. ஒரு உதாரணம்: நீளம் 200, அகலம் 4, கனம் 0.04 என்றால் 32 கன மீட்டர். உங்கள் டேப்பில் சராசரி அகலம் 3.4 மீட்டர்தான் வருகிறது என்றால் 27.2 கன மீட்டர். மீதி 4.8 கன மீட்டர் தாருக்குக் கொடுத்த பணம் எங்கே?

அடுத்து மில்லிங் வரியைத் தேடுங்கள். மதிப்பீட்டில் இருந்து எம்-புக்கில் இல்லை என்றால் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எம்-புக்கிலும் இருந்து, உங்கள் வாசல் மட்டும் பள்ளமாகிக் கிடக்கிறது என்றால் விஷயம் பெரிது. மதிப்பீட்டிலேயே இல்லை என்றால் தவறு மேஜையிலேயே தொடங்கியிருக்கிறது. எதுவானாலும் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு சான்றிட்ட நகல் கேளுங்கள், பக்கத்துக்கு 2 ரூபாய். செல்போனில் படம் எடுக்க விடவில்லை என்றால் அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகலுக்குத்தான் மதிப்பு.

படி 6: நகலோடு எங்கே போவது?

முதலில் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையருக்கு, நகல்களை இணைத்து எழுத்துப்பூர்வமாக ஒரு புகார். குறைபாடு பொறுப்புக் காலம் முடியவில்லை என்றால் ஒப்பந்ததாரர் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும், அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கவுன்சிலரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். உங்கள் வார்டில் பகுதி சபை (அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) கூடுகிறது என்றால் அங்கே பக்க எண்ணோடு பேசுங்கள். வெறும் குறையாகச் சொன்னால் "பார்க்கிறோம்" என்பார்கள். எம்-புக் பக்கத்தைக் காட்டினால் மினிட்ஸில் எழுதியாக வேண்டும். நகர உள்ளாட்சிகளின் முறைகேடுகளை விசாரிக்கவே 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி முறைமன்ற நடுவர் இருக்கிறார். கையில் சான்றிட்ட நகல் சேர்ந்த பிறகு அங்கே போவதுதான் சரி.

*பின்சேர்க்கை:* "வீட்டு முகவரி கொடுக்கப் பயமாக இருக்கிறது" என்று சில பெண்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்த வழி, ஒரே மனுவைத் தெருவில் ஏழெட்டுப் பேர் அவரவர் பெயரில் தனித்தனியாக அனுப்புவது. ஆளுக்கு 10 ரூபாய்தான் செலவு, யாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியாமல் போகும்.