கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம்: சொன்னது பதிவில் ஏறச் செய்ய வேண்டியவை

கல்குவாரிக்கு அனுமதி தருவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தைப் பலரும் ஒரு வாக்கெடுப்பாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு தரப்பு வேன் வைத்து ஆள் கூட்டி வருவதும், மறு தரப்பு முழக்கமிட்டுக் கூட்டத்தைக் கலைக்கப் பார்ப்பதும் இந்த எண்ணத்தால்தான். 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், இத்தனை பேர் எதிர்த்தால் திட்டம் நின்றுவிடும் என்று ஒரு வரிகூட இல்லை. கூட்டம் தொடங்குவதற்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆனால் கூட்டத்தில் சொல்லப்படும் கருத்துகளையும் கவலைகளையும் பிறழாமல் பதிவு செய்ய வேண்டும் என்றும், குவாரிக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பதாரர் அவற்றுக்குத் தன் இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் விளக்கம் தர வேண்டும் என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. ஆகவே கூட்டத்தின் பலன் கைதட்டலில் இல்லை, அங்கே பேசியதை அலுவலர் எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. 2023 ஜனவரி 31 அன்று சென்னை கலைவாணர் அரங்கத்தில் கருணாநிதியின் பேனா நினைவுச்சின்னத்துக்காக நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கூச்சல்தான் நினைவில் நிற்கும். குறிப்பு எழுதும் அலுவலருக்கோ கூச்சலில் எழுதிக்கொள்ள எதுவும் இருப்பதில்லை.

முதலில், உங்கள் ஊர்க் குவாரிக்குக் கூட்டம் உண்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். குவாரி சிறியதாக இருந்தாலும், ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் அமைந்த குவாரிகள் எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் கூட்டம் நடத்தியாக வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வெளியாகும். அது கண்ணில் படாமல் போவதுதான் வழக்கம் என்பதால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தை அவ்வப்போது பார்த்துவருவது நல்லது.

அறிவிப்பு வந்தவுடன், விண்ணப்பதாரர் தரப்பு தயாரித்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைத் தேடிப் போக வேண்டும். ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம், வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம் மட்டுமே. அதில் எல்லாமே நல்லபடியாகத்தான் இருக்கும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால், படித்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வைத்து இரண்டாம், மூன்றாம், நான்காம் அத்தியாயங்களை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் வெட்டும் ஆழமும் அளவும், மூன்றாவதில் இப்போதைய காற்று, நீர், மண் நிலவரமும், நான்காவதில் எதிர்பார்க்கும் பாதிப்பும் அதற்கான தடுப்பும் இருக்கும். மற்ற அத்தியாயங்களை நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது ஊராருக்குத் தெரிந்ததையும் அறிக்கை சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலத்தடி நீர் 60 மீட்டருக்குக் கீழே இருப்பதாக அறிக்கை சொல்ல, குவாரிக்கு அடுத்த தோட்டத்துக் கிணற்றில் 12 மீட்டரிலேயே தண்ணீர் கிடந்தால், கயிறு விட்டு அளந்து தேதியுடன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் ஆழம் 40 மீட்டர் என்றால், அந்த ஒரு கிணறே பெரிய கேள்வியாகிவிடும். காற்றின் தூசியை எந்த மாதங்களில், எந்த இடங்களில் அளந்தார்கள் என்றும் பாருங்கள். வேறு மாவட்டத்து ஊர்ப்பெயர் தப்பித்தவறி அறிக்கையில் ஒட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பக்க எண்ணைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். நகலெடுத்த அறிக்கை என்று கத்துவதைவிட அந்த எண்ணைச் சொல்வது பலமானது.

லாரிக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஐந்தாண்டில் 6 லட்சம் கன மீட்டர் கல் எடுப்பதாக இருந்தால் ஆண்டுக்கு 1,20,000. ஆண்டில் 300 நாள் வேலை என்றால் நாளைக்கு 400 கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 40 லோடு, போக வர 80 நடை. பத்து மணி நேர வேலையில், பள்ளிக்கூட வாசல் வழியாக ஏழரை நிமிடத்துக்கு ஒரு லாரி போகும். ‘போக்குவரத்து பாதிப்பு மிகக் குறைவு’ என்று அறிக்கையில் எழுதியிருந்தால், இந்தக் கணக்கை எதிரில் வைத்து விளக்கம் கேளுங்கள். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக்கூடாது. அறிக்கையில் விடுபட்டுப்போன வீடுகள் இருந்தால், புல எண்களோடு கிராம வரைபடத்தில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

இவற்றையெல்லாம் மனுவாக எழுதி இரண்டு படி எடுத்து, ஒன்றைக் கூட்டத்தில் அலுவலரிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வாரியத்துக்கு அனுப்புவது இன்னும் பாதுகாப்பானது.

பேசும்போது ஒருவருக்கு ஒரு கேள்வி என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பெயரையும் ஊரையும் சொல்லி, ‘ஐயா, அறிக்கையின் இந்தப் பக்கத்தில் தண்ணீர் 60 மீட்டரில் என்று இருக்கிறது, எங்கள் கிணற்றில் 12 மீட்டரில் இருக்கிறது. எந்தக் கிணற்றில் அளந்தார்கள் என்று விண்ணப்பதாரர் சொல்ல வேண்டும். இதைக் குறிப்பில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்துவிடலாம். தண்ணீர் எடுக்கும் பெண்களும் ஆடு மேய்ப்பவர்களும் பேசும் விவரத்துக்கு ஈடாக எந்த வல்லுநரின் பேச்சும் நிற்பதில்லை. அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘கோயிலுக்குக் கூரை போட்டுத் தாருங்கள், பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்’ என்று யாராவது கேட்டுவிட்டால், அது நிபந்தனையுடன் கூடிய ஆதரவு என்று குறிப்பில் ஏறிவிட வாய்ப்புண்டு. எதிர்ப்பவர்கள் கோரிக்கை மனுவை அன்றைக்கு எடுத்து வராமல் இருப்பதே நல்லது.

பேசி முடித்ததும் கலைந்துவிடாதீர்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் விளக்கி, வந்திருப்பவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். அந்த நேரத்தில் பந்தலில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். குறைந்தது ஐந்தாறு பேராவது பட்டியலோடு காத்திருந்து, தங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் எழுந்து நின்று சேர்க்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு நடவடிக்கைக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்திலும் வாரியத்தின் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதில் பிழை இருந்தால், சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் உள்ள, அனுமதி பற்றி முடிவெடுக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம். குறிப்போடு கூட்டத்தின் ஒளிப்பதிவையும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால் கூட்டம் முடிந்த மறுநாளே மனுவை அனுப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் மீறி அனுமதி வந்துவிட்டால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைத் தீர்ப்பாயம் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது. அப்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது முத்திரையிட்ட அந்த மனுவின் படியைத்தான்.