விருந்து மேசைக்கு ஒயின் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வாங்குபவர்களுக்கு

பண்டிகை விருந்துக்கு ஒயின் வாங்கக் கிளம்புகிற பலரும் முதலில் கேட்பது, "இந்த உணவுக்கு எந்த ஒயின் பொருந்தும்?" என்றுதான். ஒரே ஒரு உணவு பரிமாறுவதாக இருந்தால் அந்தக் கேள்வி சரி. விருந்தில் அப்படியா நடக்கிறது? வறுத்த கோழி, மீன், வெண்ணெய் போட்ட கிழங்கு, காரமாக ஒன்று, இனிப்பாக ஒன்று என எல்லாம் ஒரே தட்டில் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேட ஆரம்பித்தால் கடையிலேயே பொழுது போய்விடும். தட்டில் இருக்கும் எதனுடனும் சண்டை போடாத ஒயின் கிடைத்தால் போதும்.

நான் முதல்முறை விருந்து கொடுத்தபோது, கனமான ஒயின் என்றால் நல்ல ஒயின் என்று நினைத்து, கேபர்நே சாவிஞோன் என்ற துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயினை மட்டுமே வாங்கி வைத்தேன். மீனோடு குடித்தவர்களுக்கு வாயில் இரும்பை வைத்தது போல இருந்தது. காரத்தோடு குடித்தவர்கள் தண்ணீர் கேட்டார்கள். கேக்கோடு குடித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒயின் கெட்டுப்போயிருக்கவில்லை. மாட்டிறைச்சியோடு கொடுத்திருந்தால் பாராட்டியே இருப்பார்கள்.

படி 1: நாக்கில் ஒரு சோதனை

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். ஐந்து நிமிட வேலைதான், பத்துக் கட்டுரை படிப்பதை விட அதிகம் கற்றுத்தரும். ஏதாவது ஒரு சிவப்பு ஒயினைக் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் சர்க்கரை, உப்பு, எலுமிச்சைத் துண்டு, மிளகாய்த்தூள்.

முதலில் வெறும் ஒயினில் ஒரு வாய். பால் விடாத கடுந்தேநீர் போல ஈறு வறண்டு இழுக்கிறதல்லவா? அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருப்பது. எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால்தான் வாய் உலர்கிறது. அடுத்து எலுமிச்சையில் உப்பைத் தொட்டு நக்கிவிட்டு ஒரு வாய். அதே ஒயின் மென்மையாகிவிடும். சர்க்கரைக்குப் பிறகு குடித்தால் புளிப்பும் கசப்பும் தூக்கலாகத் தெரியும். கடைசியாக மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, அப்புறம் ஒரு வாய். ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.

பொருத்தம் பார்ப்பதில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது. உப்பும் புளிப்பும் ஒயினுக்கு நண்பர்கள். இனிப்பும் காரமும்தான் தொல்லை கொடுப்பவை.

படி 2: சத்தம் போடும் உணவைக் கண்டுபிடியுங்கள்

என்னென்ன சமைக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். அதில் எந்தச் சுவை மற்றவற்றை அமுக்கிவிடும் என்று பாருங்கள். பெரும்பாலும் அது முக்கிய உணவாக இருக்காது. வறுத்த கோழி சாதுவானது, எந்த ஒயினோடும் ஒத்துப்போகும். அதன் மேல் ஊற்றும் இனிப்பான சாஸோ பக்கத்தில் வைக்கும் காரமான தொடுகறியோதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கும். இறைச்சியைப் பார்த்து ஒயின் வாங்காமல் மசாலாவையும் சாஸையும் பார்த்து வாங்குங்கள்.

படி 3: மூன்று வகை வாங்குங்கள்

ஒரு நுரைக்கும் ஒயின், ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு. மூன்றிலும் புளிப்பு நன்றாக இருக்க வேண்டும், துவர்ப்பு குறைவாக இருக்க வேண்டும்.

நுரைக்கும் ஒயின் பொரித்தது, உப்பானது, கொழுப்பானது எல்லாவற்றுக்கும் பொருந்தும். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியில் செய்ததற்கு மட்டும்தான் ஷாம்பெயின் என்று பெயர். அதைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யும் ஸ்பெயின் நாட்டு காவா பொதுவாக விலை குறைவு. அதுவே போதும். லேபிளில் ஒரு பொறி இருக்கிறது. ஒயின் பேச்சில் 'ட்ரை' என்றால் இனிப்பில்லாதது. ஆனாலும் 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருப்பது 'ப்ரூட்'டை விட இனிப்பானது! ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்குள்தான் சர்க்கரை. எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 கிராம் வரை.

வெள்ளையில் என் ஓட்டு ரீஸ்லிங்குக்குத்தான். நல்ல புளிப்பு உண்டு, லேசான இனிப்போடும் கிடைக்கும், காரத்தைத் தணிக்கும். எது இனிப்பு என்று தெரியாமல் பலர் அதன் பக்கமே போவதில்லை. லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 8 அல்லது 9 சதவீதம் என்றால் திராட்சைச் சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறவில்லை, மிச்சம் உள்ளே இருக்கிறது, அதனால் இனிக்கும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது. ஜெர்மன் பாட்டிலில் 'ட்ரோக்கன்' (Trocken) என்று இருந்தாலும் இனிப்பில்லை என்றுதான் பொருள். காரமே இல்லாத, வெண்ணெயும் கிரீமும் நிறைந்த விருந்தென்றால் ஷார்டனே வாங்கலாம்.

சிவப்பில் பினோ நுவார் அல்லது கமே. பிரான்சின் போஜொலே பகுதிச் சிவப்பு ஒயின்கள் கமே திராட்சையில் செய்தவை. இவற்றில் துவர்ப்பு குறைவு என்பதால் கோழி, காளான், ஏன், கொழுப்பான மீனோடு கூட ஒத்துப்போகும். நவம்பர் மூன்றாம் வியாழனன்று வெளிவரும் போஜொலே நுவோ, அறுவடையாகிச் சில வாரங்களே ஆன இளம் ஒயின். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைக்காதீர்கள். மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ நடுநாயகமாக இருந்தால் மட்டும் கேபர்நே, சிரா போன்ற கனமான சிவப்பு ஒயின் பக்கம் போங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பை அடக்கிவிடும்.

படி 4: இனிப்புக்குத் தனியாக ஒன்று

உணவை விட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். இதை மீறினால் என் கேக் கதைதான். பழ இனிப்புக்கு மொஸ்காட்டோ தாஸ்தி என்ற இத்தாலிய இனிப்பு ஒயின். ஆல்கஹால் 5 சதவீதம் அளவில்தான் இருக்கும். சாக்லேட்டுக்குப் போர்ட் என்ற, ஆல்கஹால் கூடிய இனிப்பு ஒயின். அது சுமார் 20 சதவீதம், சின்னக் கிளாஸில் கொடுங்கள்.

படி 5: எத்தனை பாட்டில்?

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு என்றால் 16 கிளாஸ். நான்கு பாட்டில் தாராளம். குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும் வேறு நல்ல பானம் வையுங்கள்.

படி 6: குளிர்ச்சி

நல்ல ஒயின் இங்கேதான் வீணாகிறது. நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12. பினோ நுவார், கமே 13 டிகிரி வாக்கில். கனமான சிவப்பு கூட 18ஐத் தாண்டக் கூடாது, சூடேறினால் ஆல்கஹால் நெடி முந்திக்கொண்டு வரும். அதனால் சிவப்பையும் பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டியோடு தண்ணீரும் சேர்த்த வாளியில் பாட்டிலை இறக்குங்கள். வெறும் பனிக்கட்டியை விட இது சீக்கிரம் குளிரவைக்கும், ஏனென்றால் தண்ணீர் பாட்டிலைச் சுற்றிலும் தொடுகிறது.

ஷாம்பெயின் பாட்டிலுக்குள் அழுத்தம் 5, 6 அட்மாஸ்பியர், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கும். கார்க்கை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, அதை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலைச் சுழற்றுங்கள். டமார் என்று வெடிக்காமல் ஒரு பெருமூச்சோடு திறக்கும்.

மிச்சமானதை மூடி, சிவப்பாக இருந்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். நுரைக்கும் ஒயினுக்கு அதற்கான இறுக்கு மூடி வேண்டும். பாட்டில் வாயில் ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்று யாராவது சொன்னால், ஸ்பூனை வாங்கிக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள்.