டெக்சாஸ் கிராமப்புறக் கவுன்டிகளில் நீதிமன்ற ஆவணம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸ் மாநிலத்தில் கவுன்டி எனப்படும் உள்ளாட்சிப் பிரிவுகள் 254 இருக்கின்றன. ஹூஸ்டன், டாலஸ் போன்ற நகரங்கள் அடங்கிய பெரிய கவுன்டிகளில் வழக்கு விவரங்களை வீட்டிலிருந்தே கணினியில் பார்த்துவிட முடிவதால், மாநிலம் முழுவதும் அப்படித்தான் இருக்கும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மேற்கு டெக்சாஸின் எண்ணெய் வயல்களிலோ சிற்றூர் மருத்துவமனைகளிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வேறு மாநிலத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ சென்றுவிட்ட நம்மவர்களுக்கு, மறுமணத்துக்காக விவாகரத்துத் தீர்ப்பின் நகலோ, குடியுரிமை விண்ணப்பத்துக்காகப் பழைய வழக்கொன்றின் முடிவைக் காட்டும் ஆவணமோ திடீரென்று தேவைப்படும்போதுதான் நிலைமை புரிகிறது. அலுவலகம் மறுத்து ஆவணம் கிடைக்காமல் போவது குறைவு. ஆவணம் இல்லாத இடத்தில், தேடித் தரும் அலுவலருக்குப் பிடி கிடைக்காத விதத்தில் கேட்பதால் கிடைக்காமல் போவதே அதிகம்.

முதல் தவறு, தகவல் அறியும் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவது. அமெரிக்க மத்திய அரசின் தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய நிர்வாகத் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். டெக்சாஸின் பொதுத் தகவல் சட்டமோ நீதித்துறையைத் தன் வரம்பிலிருந்து வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறது. எனவே அந்தச் சட்டங்களின் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதும் கடிதம், பொருந்தாது என்ற ஒற்றை வரியோடு திரும்பி வரக்கூடும். அதற்காக நீதிமன்ற ஆவணங்கள் மூடப்பட்டவை என்று பொருளாகாது. அவற்றைப் பார்வையிடவும் நகலெடுக்கவும் பொதுமக்களுக்கு உள்ள பொதுவான உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டின் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சட்டப் பிரிவு எதுவும் காட்டாமல், ஆவணத்தைக் காப்பில் வைத்திருக்கும் அலுவலருக்குத் தெளிவான ஒரு கடிதம் எழுதினாலே பொதுவாகப் போதும்.

அந்த அலுவலர் யார் என்பதில்தான் அடுத்த குழப்பம் வருகிறது. டெக்சாஸில் டிஸ்ட்ரிக்ட் கிளார்க், கவுன்டி கிளார்க் என்று தேர்தலில் வென்று வரும் இரு தனித்தனி அலுவலர்கள் உண்டு. பெருங்குற்ற வழக்குகளும் பெரும்பாலான விவாகரத்து, குடும்ப வழக்குகளும் முன்னவரிடம் இருக்கும். உயில், வாரிசுரிமை தொடர்பான வழக்குகளும் கவுன்டி நீதிமன்றத்தின் சிறுகுற்ற வழக்குகளும் பின்னவரிடம் இருக்கும்; நிலப் பத்திரங்களும் திருமண உரிமங்களும் அவரிடமே. மக்கள்தொகை 8,000க்குக் குறைவான கவுன்டிகளில் இரு பொறுப்புகளையும் ஒருவரே வகிக்க மாநில அரசியலமைப்பு இடம் தருகிறது. 2020 கணக்கெடுப்பில் வெறும் 64 பேர் வாழ்ந்த லவிங் கவுன்டியில் அப்படித்தான். நெடுஞ்சாலையில் வாங்கிய வேக அபராதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு, 20,000 டாலர் வரையிலான பண வழக்கு ஆகியவை பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றத்தில் நடப்பவை. அந்த நீதிமன்றம் தன் ஆவணங்களைத் தானே வைத்துக்கொள்கிறது. ஊர் எல்லைக்குள் நகரக் காவலர் எழுதிய அபராதம் என்றால் அந்த நகராட்சியின் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். ஓர் அலுவலகம் இல்லை என்று சொல்வதால் அந்தக் கவுன்டியிலேயே ஆவணம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எந்தக் கவுன்டி என்பதையும் நினைவை மட்டும் நம்பித் தீர்மானிப்பது சரியல்ல. அஞ்சல் முகவரியில் இருந்த ஊரின் பெயரை வைத்துத் தேடுகிறவர்கள், வீடு பக்கத்துக் கவுன்டியின் எல்லைக்குள் இருந்ததைக் கவனிக்கத் தவறுகிறார்கள். விவாகரத்து வழக்காக இருந்தால் சட்டமே ஒரு தடயம் தருகிறது: தம்பதியரில் ஒருவராவது மாநிலத்தில் ஆறு மாதமும், வழக்குத் தொடுக்கும் கவுன்டியில் 90 நாளும் வசித்திருக்க வேண்டும். ஆகவே வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று மாதங்களில் இருவரும் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்று பழைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாலே தேட வேண்டிய இடம் ஒன்றோ இரண்டோ எனச் சுருங்கிவிடும். நீதிபதியின் பெயரையோ நீதிமன்றத்தின் எண்ணையோ மட்டும் வைத்துத் தேடுவதும் வழிதவறச் செய்யும். கிராமப்புறங்களில் ஒரே மாவட்ட நீதிமன்றம் பல கவுன்டிகளுக்குப் பொதுவாக இயங்குகிறது. 394ஆம் மாவட்ட நீதிமன்றம் புரூஸ்டர், கல்பர்சன், ஹட்ஸ்பெத், ஜெஃப் டேவிஸ், பிரெசிடியோ ஆகிய ஐந்து கவுன்டிகளுக்கும் ஒன்றே. நீதிபதி ஊர் ஊராகச் சென்று விசாரித்தாலும் வழக்குக் கட்டு அந்தந்தக் கவுன்டியின் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் அலுவலகத்திலேயே தங்கிவிடும்.

இணையத்தில் தேடி ஒன்றும் வரவில்லை என்றதும் வழக்கே பதிவாகவில்லை என்று நம்பிவிடுவது மிகப் பரவலான தவறு. உரிமையியல் வழக்குகளை மின்னணு முறையில் தாக்கல் செய்வது டெக்சாஸின் மிகச் சிறிய கவுன்டிகளில் 2016 ஜூலையில்தான் கட்டாயமானது. மாநில அளவிலான ரீசர்ச் டிஎக்ஸ் தளம் இந்த மின்னணுத் தாக்கல்களை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அதற்கு முந்தைய வழக்கு அதில் இல்லாமலிருப்பது இயல்பே. பேசர் என்ற தளத்தில் பணம் கட்டித் தேடுவதிலும் பயனில்லை. அது மத்திய நீதிமன்றங்களுக்கு உரியது, கவுன்டி வழக்குகள் அதில் இடம்பெறுவதில்லை. பெயரைத் தட்டினால் எல்லா மாநில ஆவணங்களும் வந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் தனியார் தளங்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவை தருவது சான்றளிக்கப்பட்ட நகல் அல்ல. பழைய தரவை வைத்துக்கொண்டு, பின்னர் தள்ளுபடியான வழக்கை நிலுவையில் இருப்பதாகக் காட்டவும் கூடும்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர். அட்டவணைகள் குடும்பப் பெயரின் அகர வரிசையில் அமைந்தவை. நமக்கோ பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. ராமசாமி மகன் செந்தில்குமார் என்பவரின் வழக்கு, தந்தை பெயரைக் கடைசிப் பெயராக எடுத்துக்கொண்டு ராமசாமி என்ற பெயரில் பதிவாகியிருக்கலாம். செந்தில், குமார் என்று இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தால் குமாரில் இருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு விசாவில் முதல் பெயருக்குப் பதிலாக எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள், அந்த விசாவைப் பார்த்து எழுதிய காவல் அதிகாரியின் பதிவு அப்படியே வழக்குக்கும் போயிருக்கக்கூடும். ழகரத்தை ஒருவர் இரண்டு ஆங்கில எழுத்தாலும் இன்னொருவர் ஒரே எழுத்தாலும் எழுதுவார்கள். கடைசிப் பெயரின் முதல் எழுத்தே மாறிவிட்டால், தடித்த அட்டை போட்ட பழைய அட்டவணைப் புத்தகத்தில் வேறொரு பகுதியையே புரட்ட வேண்டியிருக்கும், அதை அலுவலர் தானாக யூகிக்க மாட்டார். ஆகவே சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும், திருமணத்துக்கு முன்பும் பின்பும் இருந்த பெயர்களையும், எதிர்த்தரப்பினரின் பெயரையும் கடிதத்தில் வரிசையாகத் தருவது அவசியம். எதிர்த்தரப்பு அமெரிக்கப் பெயராக இருந்தால் அதன் வழியே தேடுவது பல வேளைகளில் விரைவாக முடியும்.

கடிதத்தில், என் மீதுள்ள எல்லா ஆவணங்களையும் அனுப்புங்கள் என்று எழுதுவதால் வேலை நடக்காது. சிலரே பணிபுரியும் அலுவலகத்தில் அத்தகைய கோரிக்கை மேசையிலேயே தங்கிவிடும். 2011 முதல் 2013 வரை தாக்கலான விவாகரத்து வழக்கு, இருதரப்புப் பெயர்கள் இவை, வழக்கு எண் தெரிந்தால் இது, வேண்டியது இறுதித் தீர்ப்பு மட்டும், சான்றளிக்கப்பட்ட நகல் இரண்டு என்று எழுதினால் எடுத்துத் தருவது எளிது. எந்த ஆவணம் வேண்டும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், வழக்கில் தாக்கலானவற்றின் பட்டியலை முதலில் வாங்கிப் பார்த்துவிட்டு அதிலிருந்து தேர்ந்தெடுப்பதே சிக்கனம். கவுன்டி கிளார்க்கிடம் சாதாரண நகலுக்குப் பக்கத்துக்கு 1 டாலர். சான்றளிக்க அதற்கு மேல் 5 டாலர். பணம் செலுத்தும் முறையைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளாமல் தனிநபர் காசோலையை அனுப்புவதும், முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய திரும்பு உறையை மறந்துவிடுவதும் வாரக்கணக்கில் தாமதம் உண்டாக்கும்.

விசாரணையில் பேசப்பட்டவற்றின் எழுத்துவடிவம் வேண்டுவோர் கிளார்க்கைக் கேட்டுப் பயனில்லை. நீதிமன்றச் சுருக்கெழுத்தரிடம் தனியாகக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டும். அவர் தம் குறிப்புகளை மூன்றாண்டுகள் பாதுகாத்தாக வேண்டும் என்பதே சட்டத்தின் பொதுவான கட்டளை என்பதால், தள்ளிப்போட்டால் பிறகு கிடைக்காமலே போகலாம். சிறார் வழக்கும், நீதிமன்றம் அழிக்கவோ மறைக்கவோ ஆணையிட்ட குற்றப் பதிவும் வெளியாருக்குத் தரப்படுவதில்லை. அவ்வேளைகளில் அலுவலரோடு வாதாடுவதைவிட வழக்கறிஞரை அணுகுவதே முறை. மிகப் பழைய வழக்குகளாயின் மாநில நூலக ஆவணக் காப்பகத்தின் மைக்ரோஃபிலிம் சுருள்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தியாவில் பயன்படுத்துவதற்காக வாங்குபவர்கள் இறுதிக் கட்டத்தில் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். மாநிலச் சுகாதாரத் துறை 1968 முதலான விவாகரத்துகளுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் தருகிறது. அது விவாகரத்து பதிவானதைச் சொல்லுமே தவிர, தீர்ப்பின் இடத்தைப் பிடிக்காது. அடுத்து, கையிலுள்ள ஜெராக்ஸ் நகலில் நோட்டரி முத்திரை வாங்கி அனுப்புவது. பொது ஆவணங்களின் நகலுக்குச் சான்றளிக்க டெக்சாஸ் நோட்டரிக்கு அதிகாரம் இல்லை. கிளார்க்கின் கையொப்பமும் முத்திரையும் உள்ள சான்றளிக்கப்பட்ட நகலைப் பிரிக்காமல், அதன் கம்பிப் பின்னைக் கழற்றாமல், ஆஸ்டினிலுள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி ஆவணம் ஒன்றுக்கு 15 டாலர் கட்டி அப்போஸ்டில் என்னும், வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கான சான்றைப் பெற வேண்டும். விண்ணப்பத்தில் இந்தியா என்று நாட்டின் பெயரைக் குறிப்பிட மறக்கக் கூடாது.