கணீர்க் குரலைக் கேட்பது எப்படி?

நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த பாடகி கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘கணீர்க் குரல்’ என்று சொல்லிப் பலரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்தக் கணீர் எதனால் ஆனது என்று காதாலேயே பிரித்துப் பார்க்கலாம். ஒரு பாட்டு, ஒரு கீபோர்டு ஆப், அரை மணி நேரம் போதும்.

‘திருவிளையாடல்’ (1965) படத்தின் ‘பழம் நீயப்பா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியபின் அவர் பாடியது. போன் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் அடிக்குரல் காணாமல் போய், எந்தக் குரலும் கீச்சென்று கேட்கும். ஹெட்போனில், ஒலியை நடுத்தரமாக வையுங்கள். சத்தத்தைக் கூட்டினால் எல்லோருமே பெரிய குரல்காரர்களாகிவிடுவார்கள்.

முதல் தடவை சுருதியை மட்டும் பிடியுங்கள். பாட்டு வந்து அமர்கிற ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’ சுரத்தை, முனகிக்கொண்டே கீபோர்டில் தேடுங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஸி ஒரு கட்டை, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு மத்திய ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மேல் ஸ்தாயியின் ‘ஸ’வான தார ஸட்ஜம் 392, அங்கேயே ‘ப’வான தார பஞ்சமம் 587.

அடுத்து, மேலே போகும் இடங்களை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பல குரல்கள் அங்கே மெலியும், அல்லது கள்ளக்குரலுக்கு (கனமற்ற பொய்க்குரலுக்கு) தாவும். கனம் குறையாமல் ஏறுகிறதா என்பதே கேள்வி. அதைவிட முக்கியம், சொல் புரிகிறதா என்பது. உச்சத்தில் இகரமும் உகரமும் ‘ஆ’ பக்கம் சாய்ந்துவிடும். அந்த உயிர்களை அடையாளம் காட்டும் ஒத்ததிர்வைவிடச் சுரமே மேலே போய்விடுவதுதான் காரணம். அப்போது சொல்லைக் காப்பாற்றுவது மெய்யெழுத்துதான். ‘பழம்’ என்பதன் ழகரத்தையும் ‘நீயப்பா’வின் ப்பகரத்தையும் கவனியுங்கள். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் வசனம் போய்ச் சேர வேண்டியிருந்த காலத்தில் பழகிய உச்சரிப்பு அது. என்னைக் கேட்டால், கணீரில் பாதிக்குமேல் இதுதான்.

பிறகு மூச்சு. சொல்லின் நடுவே அறுகிறதா? நீட்டிப் பிடிக்கும் கார்வையின் கடைசியில் சுரம் இறங்குகிறதா? தம்புரா ஆப்பைச் சரியான கட்டையில் ஓடவிட்டால், துளி இறங்கினாலும் உறுத்தும்.

பழைய இசைத்தட்டுப் பதிவுகளில் ஒரு வில்லங்கம் உண்டு. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவானதை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயரும், குரலும் மூக்கடைத்தாற்போல் இளைக்கும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள் வேறு வேறு கட்டையில் இருந்தால், எதையும் நம்பிப் பாடகியின் குரல் எத்தனை கட்டை என்று அளந்துவிடாதீர்கள். இரைச்சலை மிதமிஞ்சி நீக்கிய பிரதியிலோ ச, த போன்ற வல்லினங்கள் மழுங்கிப்போகும். கொஞ்சம் கரகரப்பு இருப்பதே மேல்.

உயரத்தையே அளவுகோலாக வைத்தால் கர்நாடக இசைப் பாடகி டி.கே. பட்டம்மாள் கைநழுவிப் போவார். தாழ்ந்த சுருதி, கனமான குரல். ஆண்களின் களமாக இருந்த ராகம் தானம் பல்லவியை (ஒரே வரியைத் தாளக் கணக்கோடு விரித்துப் பாடும் கச்சேரிப் பகுதியை) மேடையில் பாடிக்காட்டியவர். அவரைக் கேட்கும்போது கீபோர்டை மூடிவிட்டுத் தாளம் போடுங்கள். பல்லவி வரி இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, மாறும்போது உங்கள் கை வேகமெடுக்கக் கூடாது. ஒரு ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) வரி இருமுறை வரும். உங்கள் கை தடுமாறும் இடத்திலும் அவர் குரல் பதறாமல் தாளம் தொடங்கும் சமத்துக்கு வந்து சேர்வதைக் கேட்கலாம்.