செக்குபந்தி சொல்லும் ராயபுரம்

முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். சென்னை ராயபுரத்தில் தெருவின் பழமையைத் தேடி வரும் பிள்ளைகள் வந்ததும் கட்டடங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் பெயர்ப்பலகையைப் படியுங்கள் என்பேன். ராயப்பர் என்றால் புனித பேதுரு. ஊரின் பெயரே அவருடையது. படகோட்டிகள் எழுப்பிய அவர் கோவில் நிற்கும் அரத்தூன் சாலைக்கோ ஆர்மீனியப் பெயர்.

அடுத்தது மூலப்பத்திரம். இரண்டு தலைமுறையாக ஒரே வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். நகல் கேட்டுவிடாதீர்கள், பயந்துவிடுவார்கள். அவர்கள் கண்ணெதிரே சொத்து விவரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். ‘மெத்தை வீடு’ என்றிருந்தால் அன்றைக்கே தளம் போட்ட வீடு. உள்ளே விட்டால் கூரையைப் பாருங்கள்: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பூசியிருந்தால் அது கட்டைகுத்துத் தளம். ‘காலி மனை’ என்றிருந்தால் இப்போதுள்ள கட்டடம் பிறகு வந்தது.

உண்மையான புதையல் செக்குபந்திதான், அதாவது பத்திரத்தில் சொத்தின் எல்லைகளைச் சொல்லும் பகுதி. நான்கு எல்லையிலும் அக்கம்பக்கத்தாரின் பெயர், சந்து, கிணறு எல்லாம் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ‘பொதுச் சந்துக்கு வடக்கு’ என்றால் சந்து வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ஒரு தெருவையே திருப்பி வரைந்தேன். என் குரு அன்று முழுக்கச் சிரித்தார். நாலைந்து வீட்டுச் செக்குபந்திகளை ஒட்டவைத்தால் அந்தக் காலத் தெரு தாளில் எழுந்துவிடும்.

பிறகு நடங்கள். மேற்கு மாதா கோவில் தெருவில் பார்சிகளின் அக்கினிக் கோவில் இருக்கிறது. பிரோஜ் கிளப்வாலா, இறந்துபோன தம் மகன் ஜாலின் நினைவாகக் கட்டுவித்து 1910இல் திறந்தது. பிற மதத்தார் உள்ளே போக முடியாது. வாசலோடு திரும்பிவிடுங்கள், காவலாளியிடம் வாதாட வேண்டாம். ரயில் நிலையத்துக்கு வெயில் ஏறுமுன் போங்கள். 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு இங்கிருந்துதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது.

வரைந்த படத்தைப் பத்திரம் காட்டிய வீட்டாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். என் அனுபவத்தில், பெட்டியிலிருந்து இரண்டாவது பத்திரம் அப்போதுதான் வெளியே வரும்.