முதல் டம்ளரில் மட்டும் வாடை

ரங்கூனில் மழை பிடித்ததிலிருந்து வீட்டில் ஆள் மாற்றி ஆளுக்கு வயிற்றுப்போக்கு. சந்தேகம் முதலில் ஙாப்பி (பர்மிய மீன் விழுது) மேல் போனது, நிறுத்திப் பார்த்தோம். 20 லிட்டர் தண்ணீர் பாட்டில் போடுகிறவரையும் மாற்றினோம். கொதிக்கவைத்து ஆற்றி, பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் அதே குழாய்ப் பானையில் ஊற்றிக் குடித்தோம். எதிலும் நிற்கவில்லை.

துப்பு அம்மாவிடமிருந்து வந்தது: "காலையில பிடிக்கிற முதல் டம்ளர்லதான்டா பாசி வாடை." அடுத்த டம்ளரில் இல்லை. அப்படியானால் கோளாறு, இரவெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்கும் குழாயில்.

திருகிக் கழற்றினேன். வெளியே பளபளப்பு, உள்ளே ரப்பர் வளையத்துக்குப் பின்னால் சளி போல வழுவழுப்பு. பானையை எத்தனை முறை கழுவினாலும் இது போகாது. பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசினேன். பிறகு 1 லிட்டர் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் (5 முதல் 6 சதவீதம்) கலந்து, பானையெங்கும் படும்படி சுழற்றி, குழாய் வழியாகவும் ஓடவிட்டேன். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன்.

பாட்டிலைக் கவிழ்க்குமுன் அதன் கழுத்தையும் துடைக்கிறோம். எத்தனை கை பட்டு வருகிறதோ! வாடை போயிற்று, வயிற்றுப்போக்கும் நின்றது. ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்கவில்லை, குழாயையே புதிதாக மாட்டிவிட்டேன்.